ஜபூர்: ஓதலும் வரலாறும்

தாவூது நபி (அலை) அவர்களுக்கு ஜபூர் வேதம் அருளப்பட்டதை நிஸா, பனீ இஸ்ராயீல் ஆகிய அத்தியாயங்களில் திருக்குர்ஆன் கூறுகிறது. அதை நம்புவது ஈமானின் பகுதி. ஆயினும், அப்பெயருக்கு அப்பால் நம்மில் பலர் சென்றதில்லை.

யூதரும் கிறிஸ்தவரும் ஓதிவரும் சங்கீதத் தொகுப்பில் 150 பாடல்கள் உள்ளன. எபிரேயத்தில் அவற்றுள் பலவற்றின் தலைப்பில் ‘மிஸ்மோர்’ என்னும் சொல் நிற்கிறது. அபூமூஸா அல் அஷ்அரீ (ரலி) அவர்களின் இனிய கிராஅத்தைச் செவியுற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தாவூதின் குடும்பத்தாருடைய ‘மிஸ்மார்’ அவருக்கு வழங்கப்பட்டதெனப் பாராட்டினார்கள். அரபும் எபிரேயமும் உடன்பிறந்த மொழிகள். இரு சொற்களுக்கும் வேர் ஒன்றே.

119ஆம் சங்கீதம் 176 வசனங்கள் உடையது. எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துக்களும் முறையே எட்டெட்டு வசனங்களுக்கு முதலெழுத்தாகின்றன. ஆத்திசூடி கற்ற தமிழருக்கு இம்முறை புதிதன்று. இப்பாடல்களை வாரத்தின் 7 நாட்களுக்கும், மாதத்தின் 30 நாட்களுக்கும் பகுத்து ஓதும் வழக்கம் யூதரிடம் உண்டு. திருக்குர்ஆனை 7 மன்ஸில்களாகவும் 30 ஜுஸ்உகளாகவும் ஓதும் நமக்கு இவ்வொழுங்கின் அருமை விளங்கும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு மேற்கே, மலை கடந்தால் சேரநாடு. அங்கு கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடத்தில் இவை எபிரேயத்திலேயே ஓதப்பட்டன. தமிழில் இவை அச்சேறியது தரங்கம்பாடியில். சீகன்பால்கு 1719இல் மறைந்தபோது பழைய ஏற்பாட்டில் ரூத் வரையே பெயர்த்திருந்தார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ட்ஸ் முடித்து 1728க்குள் வெளியிட்டார்.

இன்றுள்ள தொகுப்பு முழுவதும் அருளப்பட்ட ஜபூரே என நாம் கொள்வதில்லை. வேதக்காரர் உரைப்பதை மெய்யென்றோ பொய்யென்றோ கூறாதிருக்க நபிமொழி பணிக்கிறது. அது நாவுக்கு இட்ட கடிவாளம். அத்தொகுப்பை அறியாமல் இகழ்பவர், தாம் ஈமான் கொண்ட ஒரு வேதத்தின் எச்சத்தையும் இகழ்ந்துவிடக்கூடும். ஆதலின், கற்றறிந்த பின்னரே அதைப் பற்றிப் பேசுதல் முஃமினுக்கு அழகு.