கழைக்கூத்தரும் அம்மானையும் – தமிழ்க் கவிதையில்

நட்ட மூங்கில்களுக்கிடையே கட்டிய கயிற்றின்மேல் நடந்து காட்டும் கழைக்கூத்தரும், கையிலுள்ள காய்களை மாறிமாறி மேலே எறிந்து பிடிக்கும் மகளிரும் தமிழ்க் கவிதையில் சங்க காலம் முதலே இடம்பெற்று வருகின்றனர். குறுந்தொகையின் 7ஆம் பாடலில் பெரும்பதுமனார், காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றுகளின் ஓசைக்குக் கயிற்றில் ஆடும் ஆரியக் கூத்தரின் பறையை உவமையாக்குகிறார். நற்றிணை 95இல் கோட்டம்பலவனார் காட்டும் காட்சி இதனினும் நுட்பமானது: ஆடுமகள் நடந்த முறுக்குக் கயிற்றில் குரங்குக்குட்டி தொங்க, அதைக் கண்ட குறவர் சிறுவர் பாறைமேல் ஏறித் தாளம் கொட்டுவதால், கூத்து மலைவாழ் சிறுவரின் விளையாட்டாகவே மாறிவிடுகிறது.

எறிந்து பிடிக்கும் ஆட்டமே தனி இலக்கிய வடிவமாக வளர்ந்தது அம்மானையில்தான். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் அம்மானை வரி சோழரையும், பந்தாட்டப் பாடலாகிய கந்துக வரி பாண்டியரையும் போற்றுகின்றன; கொங்குவேளிரின் பெருங்கதையோ 'பந்தடி கண்டது' என ஒரு பகுதியையே பந்தாடும் மகளிரின் திறனுக்கு ஒதுக்குகிறது.

மாணிக்கவாசகர் 20 பாடல்கள் கொண்ட திருவம்மானையைப் பாடிய தலமாக மரபு கூறுவது திருவண்ணாமலையையே. ஆடும் கையின் வேகத்தைப் பக்தியின் தாளமாக்கிய இப்பாடல்கள் அவ்வகையின் உச்சம் எனத் தகும். பின்னர் அம்மானை, பெண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஒன்றாகவும், மூன்று மகளிர் வினாவிடையாக உரையாடும் கலம்பக உறுப்பாகவும் நிலைபெற்றது.