ஸ்கீமா.ஆர்க்

ஒரு வலைப்பக்கம் எதைப் பற்றியது என்பதைத் தேடுபொறிகளுக்குப் புரியும்படி அதன் நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பதற்கான பொதுச் சொற்தொகுதி ஸ்கீமா.ஆர்க். 2011 ஜூன் 2 அன்று கூகுள், மைக்ரோசாப்டின் பிங், யாகூ ஆகிய மூன்றும் சேர்ந்து இதை வெளியிட்டன. அந்த ஆண்டு நவம்பரில் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் சேர்ந்துகொண்டது. இச்சொற்களைக் கொண்டு பக்கத்தில் இடும் குறிப்புகளைக் கட்டமைக்கப்பட்ட தரவு என்பர்.

‘பொன்னியின் செல்வன், கல்கி, 500’ என்று ஒரு பக்கத்தில் இருந்தால், புத்தகக் கடை விலை போட்டிருக்கிறது என்று தமிழ் வாசகர் ஒரு பார்வையில் புரிந்துகொள்வார். இயந்திரத்துக்கு அது நாவலா, மணிரத்னத்தின் 2022ஆம் ஆண்டுத் திரைப்படமா, கல்கி என்பது எழுத்தாளரா, பத்திரிகையா, 500 விலையா, பக்க எண்ணிக்கையா என்பதெல்லாம் ஊகம்தான். ஸ்கீமா.ஆர்க் முறையில் இந்தப் பொருளின் வகை ‘புக்’ என்றும், கல்கி அதன் ‘ஆத்தர்’ என்றும், 500 என்பது ரூபாயில் ‘பிரைஸ்’ என்றும் குறித்துவிடலாம். ‘சேம்ஆஸ்’ என்ற பண்பில் எழுத்தாளரின் விக்கிப்பீடியா முகவரியைக் கொடுத்தால் எந்தக் கல்கி என்ற குழப்பமும் தீரும்.

இதற்கு முன்பும் முயற்சிகள் நடந்தன. யாகூ 2008இல் ‘சர்ச்மங்கி’ என்ற பெயரிலும், கூகுள் 2009 மே மாதத்தில் ‘ரிச் ஸ்னிப்பெட்ஸ்’ என்ற பெயரிலும் இத்தகைய குறிப்புகளைத் தேடல் முடிவில் காட்டத் தொடங்கின. ஆளுக்கொரு சொற்தொகுதி என்றால் தளம் நடத்துபவர் எதற்கென்று எழுதுவார்? அதற்கு விடையாக வந்த பொதுத் தொகுதியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஆர். வி. குஹா. சென்னை ஐஐடியில் இயந்திரப் பொறியியல் படித்த அவர், பொதுஅறிவைக் கணினிக்கு ஊட்ட முயன்ற ‘சைக்’ திட்டத்தில் பணியாற்றியவர்; உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பில் இருந்தபோது, தளங்களின் புதிய பதிவுகளைத் திரட்டித் தரும் ‘ஆர்எஸ்எஸ்’ ஓடை வடிவம் உருவாகக் காரணமானவர். இயந்திரத்துக்கு உலகத்தைச் சொல்லிக்கொடுப்பதே அவர் வாழ்நாள் வேலை எனலாம். 297 வகைகளோடும் 187 பண்புகளோடும் தொடங்கிய தொகுதி நான்கே ஆண்டுகளில் 638 வகைகளாகவும் 965 பண்புகளாகவும் வளர்ந்தது. குஹாவும் சக பணியாளர்களும் 1,000 கோடி பக்கங்களை மாதிரியாக எடுத்து ஆராய்ந்தபோது 31.3 விழுக்காட்டுப் பக்கங்களில் இந்தக் குறிப்புகள் இருந்தன.

எழுதும் வடிவங்கள் மூன்று: மைக்ரோடேட்டா, ஆர்டிஎஃப்ஏ, ஜேசன்-எல்டி. முதல் இரண்டில் பக்கத்தின் எச்டிஎம்எல் வரிகளுக்கு இடையிலேயே குறிப்புகளைச் செருக வேண்டும். வடிவமைப்பாளர் பக்க அமைப்பை மாற்றினால் அவையும் சிதையும். 2014இல், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரைத் தகுதி பெற்ற ஜேசன்-எல்டியில் எல்லாவற்றையும் ஒரே துண்டாகத் தனியே வைக்கலாம். கூகுள் பரிந்துரைப்பதும் இதையே. இந்த வசதியிலேயே ஒரு வம்பும் இருக்கிறது. பக்கத்தில் விலை மாறிய பின்னும் கண்ணுக்குத் தெரியாத துண்டில் பழைய விலை அப்படியே கிடக்கும். தளக்காரர் கவனிக்கவே மாட்டார்.

குறிப்பு இட்டால் தளம் முதலிடத்துக்கு வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. அதை விற்றுப் பிழைப்பவர்களும் உண்டு. குறிப்பு இருப்பதாலேயே தரவரிசை உயராது என்பதுதான் கூகுள் சொல்லிவருவது. கிடைப்பது சிறப்புத் தோற்றத்துக்கான தகுதி மட்டுமே: நட்சத்திர மதிப்பீடு, விலை, சமையல் நேரம், நிகழ்ச்சித் தேதி போன்றவை முடிவோடு சேர்ந்து தெரியலாம். அதற்கும் உத்தரவாதம் கிடையாது. பக்கத்தில் வாசகர் காணாத எதையும் குறிப்பில் சொல்லக் கூடாது என்பது அடிப்படை விதி. மீறினால் கூகுள் அந்தத் தகுதியைப் பறிக்கும்.

நட்சத்திரம் தெரிந்தால் சொடுக்குகள் கூடும் என்று அறிந்ததும் பலர் தம் கடைக்குத் தாமே நட்சத்திரம் போட்டுக்கொண்டார்கள். 2019 செப்டம்பரில், நிறுவனங்கள் தம் தளத்திலேயே தம்மைப் பற்றி வெளியிடும் மதிப்பீடுகளுக்கு நட்சத்திரம் காட்டுவதைக் கூகுள் நிறுத்தியது. தேடல் பக்கத்தில் கூடுதல் இடம் பிடிப்பதற்காகக் கேள்வி-பதில் குறிப்புகள் எங்கும் பெருகின. 2023 ஆகஸ்டில் அந்தத் தோற்றம் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. 2025 ஜூனில் மேலும் ஏழு வகைத் தோற்றங்களைக் கைவிடுவதாகக் கூகுள் அறிவித்தது. இவை நீங்கியது கூகுளின் முடிவுப் பக்கத்திலிருந்துதான், ஸ்கீமா.ஆர்க்கின் சொற்கள் அப்படியேதான் இருக்கின்றன. ஒரு நிறுவனத்தின் தயவை நம்பி முழு உழைப்பையும் இதில் கொட்டுவது புத்திசாலித்தனமல்ல.

தமிழ்த் தளங்களிலும் இதைப் பயன்படுத்தத் தடையில்லை. பண்புகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும்; மதிப்புகளைத் தமிழிலேயே எழுதலாம். மொழிக்குறியீடு ‘டிஏ’. ஆங்கிலத்தில் பலவிதமாக எழுத்துக்கூட்டப்படும் தமிழ்ப் பெயர்களுக்கு ‘ஆல்டர்நேட்நேம்’ என்ற பண்பு கைகொடுக்கும். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் 05-06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. எழுதி முடித்ததைக் கூகுளின் ‘ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்ட்’ கருவியிலும், ஸ்கீமா.ஆர்க்கின் சொந்தச் சரிபார்ப்புக் கருவியிலும் சோதிக்கலாம். முதலாவது கூகுளுக்கு வேண்டியதை மட்டும் பார்க்கும். இரண்டாவது சொற்தொகுதியின் இலக்கணத்தைப் பார்க்கும்.

பின்னாளில் மைக்ரோசாப்டில் சேர்ந்த குஹா, ‘என்எல்வெப்’ என்ற திட்டத்தை உருவாக்கினார். அது 2025 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. ஒரு தளத்தை வாசகர் இயல்பான பேச்சிலேயே கேட்டு விடை பெற உதவும் அந்தத் திட்டம், தளங்களில் ஏற்கெனவே இருக்கும் ஸ்கீமா.ஆர்க் குறிப்புகளைப் பயன்படுத்திக்கொள்கிறது.