பிச்சியில் கிடைத்த சேதி

மதுரைச் சமவெளியில் பூ வணிகம் மிகப் பழையது. மதுரைக்காஞ்சியின் அங்காடித் தெருக்களிலேயே பூ விற்பவர்கள் வருகிறார்கள். இன்று மாட்டுத்தாவணியிலும், மேற்கே உசிலம்பட்டியிலும் பூச்சந்தைகள் நடக்கின்றன. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தொழிலின் நேரக்கணக்கைச் செடியே வகுத்திருக்கிறது. மல்லி மொட்டு பொழுது சாய்ந்த பின்தான் விரியும். லினலூல், பென்சைல் அசிடேட் முதலிய ஆவிகள் அப்போதுதான் மிகுதியாகக் கிளம்பும். இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கு மல்லிகை இனங்கள் விடுக்கும் அழைப்பு அது. விடியுமுன் மொட்டாகப் பறித்துக் காலையிலேயே சந்தை சேர்த்தால், அன்று மாலை அது கூந்தலில் மலரும். பூச்சிக்குப் போகவேண்டிய சேதியை மனிதர் வழிமறித்துக்கொள்கிறார்கள். செடிக்கு அதனால் பெரிய இழப்பில்லை; மல்லி இங்கே விதையால் பெருகுவதில்லை, தங்கச்சிமடம் பக்கமிருந்து வரும் கன்றுகளால் பெருகுகிறது.

பிச்சியின் வரலாறு இன்னும் வியப்பானது. பிரான்சின் கிராஸ் நகர வாசனைத் தொழிலுக்குப் புகழ் தந்த மல்லிகையும் நம் பிச்சியும் ஒரே இனம். பூவை ஹெக்சேனில் ஊறவைத்து மெழுகுபோன்ற சாறு எடுப்பார்கள். அதைச் சாராயத்தில் கரைத்து மெழுகை நீக்கினால் வாசனை எண்ணெய் கிடைக்கும். அவ்வினத்தின் எண்ணெயிலிருந்து வேதியியலாளர் தெமோலும் அவருடைய சகாக்களும் 1962-இல் மெத்தில் ஜாஸ்மோனேட்டைப் பிரித்தெடுத்தார்கள். அன்று அது வெறும் வாசனைப்பொருள்; செடிகளுக்கு அது ஒரு சேதி என்பது பின்னரே தெரிந்தது.

1990-இல் அமெரிக்காவில் எட்வர்ட் ஃபார்மர், கிளாரன்ஸ் ரையன் என்னும் ஆய்வாளர்கள் தக்காளிச் செடிகளை ஆர்ட்டிமீசியாக் கிளைகளோடு ஒரே மூடிய அறையில் வைத்தார்கள். மதுரைக் கதம்பத்தில் சேரும் மரிக்கொழுந்தும் ஆர்ட்டிமீசியாப் பேரினமே. அக்கிளைகளிலிருந்து காற்றில் பரவிய மெத்தில் ஜாஸ்மோனேட், கடிபடாத தக்காளி இலைகளையும் புழுவின் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்களைச் சுரக்க வைத்தது.

இலை கடிபட்டதும் அதன் சவ்வுக் கொழுப்பிலுள்ள லினோலெனிக் அமிலம் படிப்படியாக ஜாஸ்மோனிக் அமிலமாகிறது. அதில் ஒரு பங்கு மெத்தில் சேர்ந்து ஆவியாகிறது. அண்டைச் செடி அந்த ஆவியை மீண்டும் அமிலமாக்கி, ஐசோலூசின் என்னும் அமினோ அமிலத்தோடு இணைக்கிறது. இந்த இணைப்பு வந்ததும், பாதுகாப்பு மரபணுக்களை அடக்கிவைத்திருக்கும் புரதங்கள் சிதைந்து, அம்மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. ஜாஸ் எனப்படும் அந்த அடக்கும் புரதங்கள் 2007-இல்தான் அடையாளம் காணப்பட்டன.