வார்டுக்கு வெளியே நின்ற அம்மா



கடந்த பள்ளி விடுமுறையில் என் மகனுக்கு வாயில் ஒரு சிறு அறுவைச் சிகிச்சை நடந்தது. அவனுக்கு ஒன்பது வயது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே, ஈறுக்குள், கூடுதலாக ஒரு பல் ஒளிந்திருப்பதை எக்ஸ்ரே காட்டியது. கூம்பு வடிவில், நெல்மணியைச் சற்றுப் பெரிதாக்கியது போல் இருந்தது. அதை விட்டுவைத்தால் நிலைப்பற்கள் இடம் மாறி வளரும் என்றார் மருத்துவர். முழு மயக்கம் தேவையில்லை. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஈறைச் சிறிது கீறி, பல்லை எடுத்து, இரண்டு தையல் போட்டால் போதும் என்றும் விளக்கினார். சிகிச்சை நாளன்று, "அம்மா, நீங்கள் உள்ளேயே இருங்கள். அவன் காலைத் தொட்டபடி உட்காருங்கள்" என்று நாற்காலியின் கால்மாட்டில் இருந்த முக்காலியைக் காட்டினார்.

அந்த முக்காலியில் நான் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். என் கை மகனின் கணுக்காலில் இருந்தது. நினைவோ 1982ஆம் ஆண்டுக்குப் போய்விட்டது.

அப்போது எனக்கு ஆறு வயது. தொண்டைச் சதை அகற்றுவதற்காக ஒரு மருத்துவமனையில் நான்கு இரவுகள் வைத்திருந்தார்கள். நாங்கள் தோட்டத்தில் இருந்தோம். அம்மா விடியுமுன் பால்மரம் வெட்டப் போய், வேலை முடித்து, பஸ் பிடித்து வருவார். அந்த வார்டில் பார்வையாளர் நேரம் முடிந்ததும் மிசி மணியடிப்பார். அம்மா எழுந்து போய்விட வேண்டும். முதல் நாள் நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில் பிள்ளைகளும் அழுதார்களாம். மூன்றாம் நாள் அம்மா வந்தபோது நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பேசவில்லை. "பிள்ளை பழகிவிட்டாள், இனிக் கவலையில்லை" என்று மிசி சொன்னாராம். அம்மா அதை நம்பவில்லை. நான் கோபித்துக்கொண்டேன் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார். "ஏன் அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை?" என்று என் திருமணத்திற்குப் பிறகுகூட ஒருமுறை கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் புத்தகங்களில் இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் இதைப் பற்றியே தேடிப் படித்தேன். பிள்ளையின் வலியைப் போக்க மனிதன் கண்ட வழி ஒரு வரலாறு. அந்தப் பிள்ளையின் பக்கத்தில் தாயை நிற்க விட்டது இன்னொரு வரலாறு. முதலாவதற்குப் பின் ஏறக்குறைய நூறாண்டு தாமதித்துத்தான் இரண்டாவது வந்திருக்கிறது.

வலியைப் போக்கும் கதையைத் தொடக்கி வைத்தவரே ஒரு பல் மருத்துவர்தாம். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரைச் சேர்ந்த ஹோரஸ் வெல்ஸ். 1844 டிசம்பர் 10ஆம் நாள் அந்நகரில் கோல்ட்டன் என்பவர் சிரிப்பு வாயுவைக் கொண்டு ஒரு வேடிக்கை நிகழ்ச்சி நடத்தினார். வாயுவை முகர்ந்த ஓர் இளைஞர் துள்ளிக் குதித்ததில் காலில் அடிபட்டது. ஆனால் அடிபட்டது அவருக்கே தெரியவில்லை. மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருக்க, வெல்ஸ் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாளே அதே வாயுவை வரவழைத்துத் தாம் முகர்ந்து, சக மருத்துவர் ரிக்ஸைக் கொண்டு தம் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கச் செய்தார். பிறர்மேல் சோதிக்கும் முன் தம் வாயையே கொடுத்த அந்த மனிதர்மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

1845இன் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் மாணவர்கள் முன்னிலையில் அவர் செய்து காட்டியது தோல்வியில் முடிந்தது. வாயுப்பையை நேரத்திற்கு முன்பே எடுத்துவிட்டார்கள், நோயாளி முனகினார், கூடியிருந்தவர்கள் ஏளனம் செய்தார்கள். அடுத்த ஆண்டு, 1846 அக்டோபர் 16ஆம் நாள், அதே நகரில் மார்ட்டன் என்ற மற்றொரு பல் மருத்துவர் ஈதரைக் கொண்டு வெற்றி கண்டார். அவர் வெல்ஸிடம் தொழில் பழகியவர். வெல்ஸ் மனமுடைந்து 1848இல், முப்பத்து மூன்று வயதில் இறந்தார். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் அவருடைய பங்கை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது 1864இல்தான்.

முழு மயக்கம் பிள்ளைகளுக்கு எளிய வரமாக அமையவில்லை. 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசல் அருகே ஹானா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமி குளோரோஃபார்ம் முகர்ந்த சில நிமிடங்களில் உயிரிழந்தாள். அவளுக்குச் செய்ய இருந்தது கால் நகத்தை அகற்றும் சிறு சிகிச்சை. குளோரோஃபார்மினால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. 'சிறு சிகிச்சைதானே' என்று பிறர் சொல்லும்போது பெற்ற வயிறு ஏன் கலங்குகிறது என்பதற்கு அந்தப் பெண்ணின் கதை போதும்.

ஆளை மயக்காமல் இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் வழி 1884இல் கிடைத்தது. வியன்னாவின் கார்ல் கொல்லர் கொக்கேன் கரைசலைக் கண்ணில் இட்டு உணர்வை நீக்கிக் காட்டினார். அதன் பின் சில மாதங்களிலேயே நியூயார்க்கில் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் அதைத் தாடை நரம்பின் அருகே ஊசியால் செலுத்தும் முறையைக் கண்டார். தம்மீதே சோதித்துப் பார்த்ததில் அவர் அந்தப் பொருளுக்கு அடிமையானார். பிறகு ஜெர்மனியின் ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோக்கெய்ன் வந்தது. 1943இல் சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரென் லிடோக்கெய்னை உருவாக்கினார். இன்றும் உலகெங்கும் பல் மருத்துவர்கள் கையாளும் மருந்து அது. என் மகனின் ஈறில் முதலில் வாழைப்பழ மணம் கொண்ட பசையைத் தடவி, இரண்டு நிமிடம் பொறுத்து, அதன் பிறகே ஊசி போட்டார்கள். அவன் கால்விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன. அவ்வளவுதான்.

ஆக, வலி அடங்கிவிட்டது. தாய் எங்கே இருந்தார்?

வெளியே. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிட்டன் போன்ற நாடுகளிலும் பிள்ளைகள் வார்டில் பெற்றோருக்கு இடமில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல் போன்ற தொற்றுகளைத் தடுக்க மருந்து குறைவாக இருந்த காலம். வருகிறவர்கள் நோயைக் கொண்டுவந்துவிடுவார்களோ என்ற அச்சம் பொய்யானதன்று. ஆனால் அதோடு இன்னொரு காரணமும் ஒட்டிக்கொண்டது: 'தாயைப் பார்த்தால்தான் பிள்ளை அழுகிறது, பார்க்காவிட்டால் அமைதியாகிவிடுகிறது.' 1949இல்கூட லண்டன் மருத்துவமனைகள் பலவற்றில் வாரத்திற்கு ஓரிரு நாள், ஓரிரு மணி நேரம் மட்டுமே பார்க்க அனுமதி. பிள்ளை தூங்கும்போது மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்ற விதியும் ஓரிடத்தில் இருந்தது.

விதிவிலக்காகச் சிலர் நடந்தார்கள். நியூகாசலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற குழந்தை மருத்துவர் 1920களிலேயே தாய்மார்களைப் பிள்ளைகளோடு தங்க வைத்தார். வாய்ச் சிகிச்சையைப் பொறுத்தவரை நியூசிலாந்தின் பிக்கரில் தம்பதியரைச் சொல்ல வேண்டும். கணவர் ஹென்றி பிக்கரில், ஒட்டாகோ பல் மருத்துவப் பள்ளியின் முதல் தலைவராக இருந்து பின்னர் அறுவை மருத்துவத்தில் பெயர் பெற்றவர். மனைவி செசிலி பிக்கரில், பிளவுபட்ட உதடும் அண்ணமும் கொண்டு பிறந்த குழந்தைகளுக்குச் சிகிச்சை அளித்தவர். லோயர் ஹட் நகரில் அவர்கள் நடத்திய பாசம் என்ற சிறு மருத்துவமனையில், 1940களில், ஒவ்வொரு குழந்தையையும் அதன் தாயே பராமரித்தார். ஒரு குழந்தையைத் தொட்ட கை மற்றொரு குழந்தையைத் தொடாததால் தொற்று பரவவில்லை, தைத்த இடமும் பிரியவில்லை. எந்தத் தொற்றைக் காட்டித் தாயை வெளியே நிறுத்தினார்களோ, அதே தொற்றைத் தடுக்கத் தாயை உள்ளே அழைத்திருக்கிறார்கள்! அந்த மருத்துவமனையின் பெயர் தமிழ்க் காதுக்கு எப்படி ஒலிக்கிறது என்று பாருங்கள். தற்செயல்தான், ஆனாலும் நான் சிரித்துக்கொண்டேன்.

இருந்தும் உலகின் மனத்தை அசைத்தது ஒரு திரைப்படம். ஜேம்ஸ் ராபர்ட்சன் ஸ்காட்லாந்துக்காரர். போர்க்காலத்தில் அன்னா ஃபிராய்டு நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலன் பார்த்துக்கொள்ளும் பணியில் இருந்தவர். பின்னர் லண்டனில் ஜான் பௌல்பியோடு சேர்ந்து, மருத்துவமனையில் தனித்துவிடப்பட்ட சிறு பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்கினார். தாம் கண்டதைச் சொன்னபோது மருத்துவர்கள் நம்பவில்லை. ஆகவே, அதற்கு முன் படமே எடுத்திராத அவர் கையடக்கக் கேமராவோடு வார்டுக்குள் நுழைந்தார். லாரா என்ற இரண்டு வயதுப் பெண் தொப்புள் குடலிறக்கச் சிகிச்சைக்காக எட்டு நாள் இருந்ததை அவர் பதிவு செய்தார். 1952இல் அப்படம் மருத்துவர்கள் முன் திரையிடப்பட்டது.

அந்தப் படத்தில் ஆர்ப்பாட்டமாக ஒன்றும் நடப்பதில்லை. லாரா அழுகையை அடக்கப் பார்க்கிறாள். அம்மா வந்தால் முகம் மாறுகிறது. போகும்போது பார்க்க மறுக்கிறாள். திரையிடலில் பல மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள். எங்களை அவமதிக்கிறீர்கள் என்றார்கள். ராபர்ட்சன் மூன்று நிலைகளைக் குறிப்பிட்டார். முதலில் பிள்ளை எதிர்த்து அழும். பிறகு நம்பிக்கையிழந்து ஓய்ந்துபோகும். கடைசியில் விலகிக்கொள்ளும், சாப்பிடும், சிரிக்கும், ஆனால் தாய் வந்தால் தெரியாதவரைப் போல் இருக்கும். இந்த மூன்றாம் நிலையைத்தான் வார்டில் 'பழகிவிட்டது' என்று சொல்லி வந்தார்கள்.

இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிய ஆறு வயதுப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. வகுப்பில் 'தொல்லை தராத பிள்ளை' என்று நாம் மகிழ்ச்சியோடு பின்வரிசையில் விட்டுவிடும் மாணவர்களும் என் கண்முன் வந்து போனார்கள்.

1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையிலான குழு பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை அளித்தது. பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கலாம், சிறு பிள்ளைகளோடு தாய் தங்க வசதி வேண்டும் என்பவை அதன் முக்கியப் பரிந்துரைகள். ஆனால் அறிக்கை வந்த மாத்திரத்தில் கதவு திறந்துவிடவில்லை. 1961இல் லண்டனின் பேட்டர்சி பகுதித் தாய்மார்கள் சிலர் ஓர் அமைப்பைத் தொடங்கி, ஒவ்வொரு மருத்துவமனையாகக் கேட்டுத்தான் அதைத் திறக்க வேண்டியிருந்தது. அதே 1959இல்தான் அமெரிக்காவில் ஆடல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் 'சொல், காட்டு, செய்' என்ற முறையை எழுதினார். செய்யப்போவதைப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும், கருவியைக் காட்ட வேண்டும், சொன்னபடியே செய்ய வேண்டும். ஆசிரியர் பயிற்சியில் நாம் படித்ததும் ஏறக்குறைய இதுதானே!

நம் நாட்டுக் கதையும் இதில் உண்டு. போருக்கு ஆளெடுத்தபோது இளைஞர்களின் பற்கள் கெட்டுக்கிடந்ததைக் கண்ட நியூசிலாந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பெண்களைப் பல் தாதியராகப் பயிற்றும் திட்டத்தை 1921இல் தொடங்கியது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிப் பல் மருத்துவ அறைக்கு வைத்த பெயர் 'கொலை வீடு'. மிதித்து ஓட்டும் துளைக்கருவிக் காலம் அது. பெயரில் தவறு சொல்ல முடியாது. அதே முறையில் 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சி தொடங்கியது. நம் பள்ளிகளுக்கு வந்து, சிற்றுண்டிச்சாலையிலோ நூலகத்திலோ நாற்காலியை விரித்த 'பல் மிசி'களின் வழிமுறை அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் வந்த நாளில் கழிவறையில் ஒளிந்துகொண்டவர்கள் இதைப் படிப்போரில் எத்தனை பேரோ! பெற்றோர் கையெழுத்திட்ட பாரம் மட்டும் பிள்ளையோடு போகும்; பெற்றோர் போவதில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் "ஒன்றும் செய்ய மாட்டார்கள், சும்மா பார்ப்பார்கள்" என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அது பொய். அடுத்த முறை அந்தப் பிள்ளைகள் என் சொல்லை ஏன் நம்ப வேண்டும்?

பெற்றோர் உள்ளே இருப்பது மட்டும் போதுமா என்றும் ஆராய்ந்திருக்கிறார்கள். மயக்க மருந்து கொடுக்கும் நேரத்தில் பெற்றோர் உடனிருப்பதை ஸீவ் கெய்ன் குழுவினர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட முடிவு என்னைத் தைத்தது. அஞ்சும் பிள்ளைக்கு அமைதியான பெற்றோர் பக்கத்தில் இருந்தால் அச்சம் குறைகிறது. அமைதியான பிள்ளையின் பக்கத்தில் பதறும் பெற்றோர் இருந்தாலோ, பிள்ளையும் பதறத் தொடங்குகிறது. எங்கள் இருவரில் பதறியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. முதல் நாள் இரவு மகன் "வலிக்குமா?" என்று கேட்டபோது, 'வலிக்காது' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. "ஊசி சுருக்கென்று இருக்கும். அப்புறம் அழுத்துவது தெரியும், வலி தெரியாது. நான் காலைத் தொட்டுக்கொண்டே இருப்பேன்" என்றேன். "கையை எடுக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான்.

நாற்பது நிமிடம் நான் எடுக்கவில்லை. தையல் முடிந்து, பஞ்சைக் கடித்தபடி எழுந்தவன், மரத்த உதட்டைத் தடவிப் பார்த்து, எடுத்த பல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அம்மாவும் எங்களோடு வந்திருந்தார். பல் மிசி இருமுறை வந்து, "பாட்டி, நீங்களும் உள்ளே வரலாம்" என்று அழைத்தும், கதவுக்கு வெளியே நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

ராபர்ட்சன் எழுதியதை ஓர் இரவு அம்மாவிடம் விளக்கிச் சொன்னேன். நான் கோபித்துக்கொள்ளவில்லை அம்மா, சிறு பிள்ளைகளுக்கு அப்படித்தான் ஆகுமாம் என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நிற்கவில்லை. நெடுநேரம் கழித்துச் சொன்னார்:

"ஃபிளாஸ்க்குல மைலோ ஆத்தி கொண்டாந்திருந்தேன். நீ குடிக்கவே இல்ல. பஸ்ஸுல அப்படியே திரும்பக் கொண்டு போனேன்."