றக்பி திறந்த கதவு

போயாவுக்கு மதுக்கடை பூட்டுவது நம் நாட்டில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அயர்லாந்தின் 1927ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய வெள்ளி, நத்தார், புனித பற்றிக் தினம் மூன்றிலும் பப்களைப் பூட்டியது. பற்றிக் தினத் தடை 1960இல் போனது.

குடி ஹராம் என்று நம்புகிறவன் நான். ஆனாலும் என் நோன்புக்காக அடுத்தவர் கடையைப் பூட்டச் சொல்ல மாட்டேன். பூட்டினாலும் ஆகிறது என்ன? முதல் நாளே போத்தல் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கும் அதே கதைதான்.

பெரிய வெள்ளித் தடையை ஆட்டியது மார்க்க விவாதமல்ல, விளையாட்டு! 2010இல் அன்றைக்கு லிமெரிக்கில் மன்ஸ்டர், லெய்ன்ஸ்டர் அணிகளின் றக்பி. பப்காரர்கள் நீதிமன்றம் போய் அனுமதி வாங்கிவிட்டார்கள். 2018இல் தடையே நீங்கியது. நத்தாருக்கு மட்டும் இன்றும் பூட்டு.