பரு போன பிறகும் போகாத கறை: வீட்டில் என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

பரு ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அது விட்டுச்செல்லும் கறைதான் மாதக்கணக்கில் முகத்தில் தங்கிவிடுகிறது. தீபாவளியோ வீட்டுக் கல்யாணமோ நெருங்கும்போது, "மூன்றே நாளில் போய்விடும்" என்று யாரோ சொன்ன ஒரு டப்பா வீட்டுக்குள் வருகிறது. சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் என்று பட்டணமானாலும் சரி, தோட்டமானாலும் சரி, இந்தக் கதை பலருக்கும் பழக்கமானதுதான்.

டப்பாவைத் திறக்கும் முன் கண்ணாடி முன்னால் நின்று அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோல் சமமாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால் அது கறை. விரலுக்குப் பள்ளமாகத் தட்டுப்பட்டால் அது தழும்பு. இரண்டையும் நாம் "பரு வடு" என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் வைத்தியம் வேறு வேறு. பருவின் வீக்கத்தால் தோலின் நிறமியான மெலனின் கூடுதலாகச் சுரந்து படிவதால் கறை உண்டாகிறது. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்த தோல் உள்ளவர்களுக்கும் இது அதிகம். பெரும்பாலும் தானாகவே மங்கும், ஆனால் சில மாதங்கள் ஆகும்; ஆழமான கறைக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பள்ளமோ, தோலின் உள்அடுக்கு சேதமானதால் ஏற்படுவது. எந்தக் கிரீமும் அதை நிரப்பாது.

கறை மங்குவதைத் தடுக்கும் முதல் எதிரி வெயில். கெடாவில் உச்சி வேளையில் புற ஊதாக் குறியீடு 10-ஐத் தாண்டுவது சாதாரணம். பால்மரம் வெட்டப் போகிறவர்கள் விடியுமுன்பே போனாலும், பால் எடுத்து முடிக்கும்போது வெயில் ஏறிவிடுகிறது. தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறவர்களுக்கும் இதே கதைதான். அகல விளிம்புத் தொப்பி செலவில்லாத மருந்து. அதோடு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூச வேண்டும். வியர்த்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். தோல் நிறத்தில் வரும் வகையில் இரும்பு ஆக்சைடு இருப்பதால் கறைக்கு அது இன்னும் நல்லது.

அடுப்படி வைத்தியத்துக்கு வருவோம். எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். சாறு பட்ட தோல் வெயில் பட்டால் வெந்துபோய், இருந்த கறையைவிடப் பெரிய கறையாகும். பேக்கிங் சோடாவும் பற்பசையும் தோலை எரிச்சலூட்டும். மஞ்சள் பலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு அரிக்கும். முதலில் முழங்கை மடிப்பில் பூசிப் பாருங்கள். சந்தனமும் மலாய்க்காரர்களின் பெடாக் செஜூக் அரிசி மாவும் குளிர்ச்சி தரும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார்கள் கோபிப்பார்கள். ஆனால் தலையில் வைத்த எண்ணெய் நெற்றிக்கு வழிந்தால் அங்கே பொடிப் பொடியாகப் பரு வரும். இரவில் வைத்து, காலையில் தலைமுடியை ஒதுக்கிக் கட்டி, நெற்றியைக் கழுவிவிடுங்கள்.

புதுப் பரு வந்துகொண்டே இருந்தால் பழைய கறையைப் போக்கிப் பயனில்லை. ஃபார்மசியில் மருந்தாளரிடம் கேளுங்கள். பென்சாயில் பெராக்சைடு 2.5 விழுக்காடே போதும் (தலையணை உறை வெளுத்துவிடும், பழைய உறையாகப் போடுங்கள்). அசலாயிக் அமிலம் பருவுக்கும் கறைக்கும் உதவும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். அடாபலின் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எதுவானாலும் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். பருவைக் கிள்ளுவதை நிறுத்தாவிட்டால் இதெல்லாம் வீண்.

இனி அந்தப் பெயர் தெரியாத டப்பா. மூன்றே நாளில் வெளுக்க வைக்கும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் போன்றவை கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு முதலில் பளபளப்பாக்கும். பிறகு தோலை மெலியச் செய்யும், விட்டதும் பரு கூட்டமாக வரும். பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை கண்ட 22 சிறுநீரக நோயாளிகளில் 15 பேருக்கு ஒரு குறிப்பிட்ட வகைப் பாதிப்பு இருந்தது. அவர்களில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள்.

நம் நாட்டில் விற்கும் அழகுப் பொருள்கள் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அதன் எண் என்.ஓ.டி. என்று தொடங்கி கே எழுத்தில் முடியும். எண்ணைப் போலியாகவும் அச்சிடலாம் என்பதால் நிறுவனத்தின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தேடிப் பாருங்கள். ரத்து செய்யப்பட்டவற்றின் பட்டியலும் அங்கே உண்டு. இத்தகைய பொருளை வீட்டிலிருந்து இணையத்தில் விற்றாலும் குற்றமே. முதல் குற்றத்துக்குத் தனிநபருக்கு 25,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். "அக்காவிடம் வாங்கினேன்" என்று ஏஜென்டாகும் நம் பெண்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

பள்ளத் தழும்புக்கு இணையத்தில் வாங்கிய ஊசி உருளையை வீட்டில் உருட்டாதீர்கள். கிருமி புகும், கறையும் கூடும். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து, தேவையானால் தோல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனையில் தோல் பிரிவு உண்டு. லேசர் செய்வதென்றால் கறுத்த தோலில் அனுபவம் உண்டா என்று முன்பே விசாரியுங்கள்.

இத்தகைய கிரீமை ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால், அந்த டப்பாவைக் குப்பையில் போடாமல் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள். கால் வீக்கமோ, சிறுநீரில் நுரையோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.