நோன்பும் டயட்டும்

றமழானில் காத்தான்குடிக்காரர் ஒருவர் பதின்மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருக்கிறார். அதே ஆள், போன மாதம் டொக்டர் சொன்ன டயட்டைத் தொடங்கி, பின்னேரத் தேத்தண்ணியோடு வந்த ரோல்ஸுக்கு முன் தோற்றவராக இருக்கலாம். மனவுறுதி இல்லாதவர் என்று பருத்தவர்களைப் பழிப்போர் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆள் ஒருவர், வயிறும் ஒன்று.

ரூவன் டார் என்ற இஸ்ரேலிய உளவியலாளரும் சகாக்களும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மதப்பற்றுள்ள யூதர்கள் சனிக்கிழமை ஓய்வுநாளில் புகைப்பதில்லை. அவர்களுள் புகைப்பழக்கம் உள்ளவர்களை வேலைநாள் ஒன்றிலும் புகைக்காமல் இருக்கச் சொல்லி, இரு நாட்களின் ஆசையையும் ஒப்பிட்டார்கள். ஓய்வுநாளில் ஆசை குறைவாக இருந்தது. இன்றைக்கு இது கிடையாது என்று மனம் தீர்மானித்துவிட்டால் ஆசை எழுவதே குறைகிறது என்று நான் இதை விளங்கிக்கொள்கிறேன். 2010இல் அதே குழு விமானப் பணியாளர்களை ஆராய்ந்தது. பயணம் குறுகியதோ நீண்டதோ, தரையிறங்கும் நேரம் நெருங்கும்போதே புகைக்கும் ஆசை உச்சத்துக்கு ஏறியது. றமழானில் அசர் எனும் பின்னேரத் தொழுகைக்குப் பின், நோன்பு திறக்கும் நேரம் நெருங்கும்போது சமோசாக் கடைகளில் கூடும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இது புதினமல்ல.

டயட்டுக்காரருக்கு அப்படியொரு தீர்மானம் வாய்ப்பதில்லை. ஒன்று தின்றால் என்ன என்ற கேள்வி வேளைக்கு வேளை வருகிறது. அவர் தனியாகவே பதில் சொல்ல வேண்டும். நோன்பாளியை யாரும் வற்புறுத்துவதில்லை, பகலில் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளும் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். டயட்டுக்காரரோ கல்யாண வீட்டில் படுவான்கரை எருமைத் தயிரையும் பாணியையும் வேண்டாமென்றால் மாமிக்கு மனம் நோகும்.

தவறும்போதுதான் வித்தியாசம் இன்னும் பெரிது. மறந்து சாப்பிட்டால் நோன்பு முறியாது. நோயிலோ பயணத்திலோ விட்டதைப் பிறகு வேறு நாளில் நோற்றுக் கழாச் செய்யலாம். டயட்டில் திரும்பி வர அப்படி வழி வைக்கப்படவில்லை. ஹெர்மன், மாக் இருவரும் 1975இல் வெளியிட்ட சோதனையில், உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களுள் மில்க் ஷேக் குடித்தவர்கள், குடிக்காதவர்களைவிட அதிக ஐஸ்கிரீம் தின்றார்கள். கட்டுப்பாடு உடைந்தது, இனி எதற்கு என்ற மனநிலை அது.

என்றாலும் எடை விஷயத்தில் நோன்பு வென்றது என்று சொல்லமாட்டேன். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் றமழானில் சராசரியாக ஒரு கிலோ அளவு குறைந்து, சில வாரங்களில் திரும்பிவிடுவதைக் கண்டார்கள். நோன்பின் நோக்கமும் எடையல்ல.

சீனியைக் குறைக்க விரும்புவோருக்குச் சட்டமும் கைகொடுக்கிறது. இலங்கையில் 2016 முதல் மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவை நிறத்தால் காட்ட வேண்டும். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு. நல்ல சட்டம். ஆனால் அதுவும் தனியாளின் கண்ணையும் மனதையுமே நம்புகிறது. நோன்பின் பலம் ஊர் சேர்ந்து நிற்பதில் இருக்கிறது. ஆகவே வீட்டில் ஒருவருக்குச் சீனி கூடாதென்றால் எல்லோரும் சேர்ந்து குறைத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணிக்குச் சீனியைத் தனியாக வையுங்கள். வேண்டாம் என்பவரின் கோப்பையில் மறுபடி வைக்காதீர்கள்.